கர்ப்ப காலத்தில் குடல்வால் அழற்சி: கண்டறிவதில் ஏன் இத்தனை சிக்கல்?

கர்ப்பிணி ஒருவருக்குப் பிரசவத்தோடு தொடர்பில்லாத அவசர அறுவைச் சிகிச்சை தேவைப்படுகிறது என்றால், அதற்கு மற்ற எதையும்விட அடிக்கடி காரணமாக இருப்பது குடல்வால் அழற்சிதான். மருத்துவமனைகளில் அப்பெண்டிசைட்டிஸ் என்றும் வீடுகளில் அப்பெண்டிக்ஸ் வலி என்றும் சொல்லப்படும் இந்த நோய், ஏறத்தாழ 1,500 கர்ப்பங்களில் ஒன்றில் வருகிறது. எந்த மாதத்திலும் வரலாம். நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை சற்று அதிகம். கர்ப்பம் இந்த நோயை வரவழைப்பதில்லை, வந்த நோயை மறைத்துவிடுகிறது. நடு மாதங்களில்தான் நோய் அதிகம் என்றாலும், குடல்வால் வெடித்த நிலையில் மருத்துவமனைக்கு வந்து சேர்பவர்களின் விகிதம் கடைசி மூன்று மாதங்களில்தான் கூடுகிறது. வயிறு பெரிதாகப் பெரிதாக நோயை அடையாளம் காண்பது தள்ளிப்போகிறது என்பதற்கு இதுவே சான்று.

தாமதத்தின் விலை பெரிது. வெடிப்பதற்கு முன்பே குடல்வாலை அகற்றிவிட்டால் கருவை இழக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு, மூன்று என்ற அளவில் நிற்கிறது. வெடித்து, சீழ் வயிற்றறை முழுவதும் பரவிவிட்ட நிலையில் அந்த எண்ணிக்கை நூற்றுக்கு 20 முதல் 35 வரை போனதாக மருத்துவ நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. அதனால்தான் இந்த நோயில் அறுவைச் சிகிச்சையைவிடக் கண்டறிதலே கடினமான பகுதியாக இருக்கிறது. குடல்வாலை அகற்றுவது அறுவை மருத்துவருக்குப் பழகிய வேலை. அகற்ற வேண்டுமா, எப்போது என்று முடிவெடுப்பதுதான் சிரமம்.

இந்த நோயின் அறுவைச் சிகிச்சை வரலாற்றின் தொடக்கத்திலேயே ஒரு கர்ப்பிணி இருக்கிறார். 1848-ல் லண்டனின் சேரிங் கிராஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஹென்றி ஹான்காக், எட்டாம் மாதத்தில் கடும் வயிற்று வலி கண்டு குறைப்பிரசவமும் ஆகியிருந்த ஒரு பெண்ணின் வலது அடிவயிற்றைக் கீறி, உள்ளே கட்டியிருந்த சீழை வடித்தார். பின்னர் அந்தப் புண்ணின் வழியாகவே இறுகிய மலக்கற்கள் வெளியே வந்தன. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். குடல்வால் அழற்சி என்ற நோய்க்கு அப்போது பெயரே கிடையாது. பாஸ்டன் நகரின் ரெஜினால்ட் ஃபிட்ஸ் அதைத் தனி நோயாக விளக்கிப் பெயரிட்டது 1886-ல்தான். அடுத்த மூன்றே ஆண்டுகளில், நியூயார்க்கின் சார்லஸ் மெக்பர்னி, தொப்புளையும் வலது இடுப்பெலும்பின் முன்முனையையும் இணைக்கும் கோட்டில், வெளிமுனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், விரலை வைத்து அழுத்தினால் வலி உச்சமாக இருக்கும் என்று குறித்துக் காட்டினார். இன்றும் அந்த இடம் மெக்பர்னி புள்ளி எனப்படுகிறது.

1908-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரத்து மருத்துவர் எட்மண்ட் பாப்ளர், கர்ப்பிணிகளுக்கு வந்த குடல்வால் அழற்சிகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ நான்கில் ஒரு தாய் இறந்திருந்தார். அந்தச் சாவுகளுக்கு அவர் பொறுப்பாக்கியது நோயை அல்ல, தாமதத்தை. இன்று மயக்க மருந்தும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளும் வளர்ந்துவிட்டதால் தாய் இறப்பது மிக அரிது. ஆனால் வயிற்றிலுள்ள குழந்தையைப் பொறுத்தவரை பாப்ளர் சொன்னது இன்றும் மாறவில்லை.

கர்ப்பம் இல்லாத உடலில் இந்த நோய்க்கு ஓர் ஒழுங்கு உண்டு. குடல்வாலின் துவாரம் மலக்கல்லாலோ வீங்கிய நிணநீர்த் திசுவாலோ அடைபடுகிறது. உள்ளே சுரக்கும் நீர் வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறுகிறது. அந்த நேரத்து வலி தொப்புளைச் சுற்றி, இன்ன இடம் என்று சுட்ட முடியாத மந்தமான வலியாக இருக்கும். உள்ளுறுப்பு நரம்புகள் இடத்தைத் துல்லியமாக மூளைக்குச் சொல்லாததே காரணம். பிறகு பசி போகும், குமட்டும். சில மணி நேரத்தில் அழற்சி குடல்வாலின் சுவரைத் தாண்டி, வயிற்றுச் சுவரின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் மெல்லிய உறையைத் தொடும். அந்த உறைக்கு வலியின் இடத்தைச் சொல்லத் தெரியும். அப்போது வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கி நிலைகொள்கிறது. இருமினாலும், நடந்தாலும், வண்டி மேடுபள்ளத்தில் குலுங்கினாலும் சுரீரென்று குத்துகிறது. கையை வைத்தால் வயிற்றுத் தசை தானாகவே விறைத்துக்கொள்கிறது.

கர்ப்பம் இந்த ஒழுங்கின் ஒவ்வொரு படியிலும் குறுக்கிடுகிறது. முதலில் இடம். ஐந்தாம் மாத முடிவில் தொப்புள் உயரத்தை எட்டிவிடும் கருப்பை, தன்னைச் சுற்றியுள்ள குடலை ஒதுக்கித் தள்ளுகிறது. 1932-ல் அமெரிக்காவில் பேயர், ரெய்ஸ், ஆரன்ஸ் ஆகிய மூவரும் கர்ப்பிணிகளை மாதந்தோறும் எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்து, மாதம் ஏற ஏறக் குடல்வாலும் மேலே ஏறுகிறது, கடைசி மாதங்களில் இடுப்பெலும்புக்கு மேலே போய்விடுகிறது என்று எழுதினார்கள். கர்ப்பிணிகளை ஆய்வுக்காகவே எக்ஸ்-ரே எடுப்பது இன்று நினைத்துப் பார்க்க முடியாத காரியம். அந்தப் படங்களை ஆதாரமாகக் கொண்டு, எட்டாம் மாதத்தில் வலி விலா எலும்புக்குக் கீழேதான் வரும் என்று பல தலைமுறை மாணவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. பின்னால் வந்த ஆய்வுகள் இந்தப் பாடத்தைப் பெருமளவு திருத்தின. அறுவைச் சிகிச்சையில் நோய் உறுதியான கர்ப்பிணிகளின் பதிவுகளை 2000-த்தில் திரும்பிப் பார்த்தபோது, எந்த மாதமானாலும் வலது அடிவயிற்று வலியே மிகுதியாக இருந்தது தெரியவந்தது. குடல்வால் சிலருக்கு மேலே போகிறது, பலருக்குப் போவதில்லை. ஆகவே மேல்வயிற்றில் வலி என்பதற்காகக் குடல்வாலை விலக்கிவிடவும் கூடாது. எட்டு மாதக் கர்ப்பிணிக்கு வலது அடிவயிற்றில் வலி என்றால் குடல்வாலை முதல் சந்தேகமாக வைத்துக்கொள்ளவும் தயங்கக் கூடாது.

இடத்தைவிடப் பெரிய சிக்கல் தொடுகை. வளர்ந்த கருப்பை வயிற்றின் முன்சுவரைத் தூக்கிக் குடல்வாலிடமிருந்து விலக்கிவிடுகிறது. அழற்சி கொண்ட குடல்வால் அந்த உறையைத் தொடுவதே இல்லை என்றால், வலி ஓரிடத்தில் நிலைகொள்வதும் குறையும், தசை விறைப்பும் குறையும். உள்ளே சீழ் பிடித்திருக்கும், மேலே வயிறு மென்மையாகவே இருக்கும். தசை ஏற்கெனவே இழுபட்டுத் தளர்ந்திருப்பதும் சேர்ந்துகொள்கிறது. இன்னொரு பாதகமும் உண்டு. வயிற்றுக்குள் கொழுப்புத் திரையொன்று தொங்குகிறது; எங்கு அழற்சி வந்தாலும் அது நகர்ந்து போய் ஒட்டிக்கொண்டு சீழைச் சிறைப்படுத்தப் பார்க்கும். பெரிய கருப்பை இடையில் நிற்கும்போது அந்தத் திரையால் அங்கே போய்ச் சேர முடிவதில்லை. வெடித்தால் சீழ் எளிதாகப் பரவுவதற்கு இது ஒரு காரணம்.

மற்ற அறிகுறிகளெல்லாம் கர்ப்பத்தின் அன்றாடத்தோடு கலந்துவிடுகின்றன. வாந்தியும் பசியின்மையும் மசக்கைக்கும் உண்டு. மலச்சிக்கல், வயிற்று உப்புசம், இடுப்பு வலி எல்லாம் வழக்கமானவை. இங்கே வரிசையைக் கேட்டறிவது உதவும். மசக்கை வாந்தி பெரும்பாலும் ஐந்தாறு வாரத்தில் தொடங்கி நான்கைந்து மாதங்களில் தணிந்துவிடும். வயிற்று வலி அதோடு பிறந்ததாக இருக்காது. குடல்வால் அழற்சியில் வலி முதலில் வரும், வாந்தி அதைத் தொடர்ந்து வரும். மசக்கை நின்றுபோன ஏழாம் மாதத்தில், வலிக்குப் பிறகு புதிதாக வாந்தி எடுக்கும் பெண்ணை 'பிள்ளைத்தாய்ச்சிக்கு இதெல்லாம் சகஜம்' என்று அனுப்பிவிடக் கூடாது. காய்ச்சல் இல்லாததும் ஆறுதல் தராது. நோய் உறுதியான கர்ப்பிணிகளில் பலருக்குக் காய்ச்சலே இருந்ததில்லை.

ரத்தப் பரிசோதனை எவ்வளவு கைகொடுக்கும்? குறைவாகத்தான். சாதாரணமாக ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை வெள்ளணுக்கள் இருக்கும். கர்ப்பத்தில் 16,000 வரை போவது இயல்பு. பிரசவ வலி நேரத்தில் 20,000-ஐத் தாண்டி 30,000-ஐ நெருங்கினாலும் வியப்பில்லை. ஆக, ஒருமுறை எடுத்த 15,000 என்ற எண் எதையும் நிரூபிக்காது. ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை பார்த்து, எண் ஏறுகிறதா, இளம் வெள்ளணுக்களின் பங்கு கூடுகிறதா என்று ஒப்பிடுவதில் பொருள் இருக்கிறது. சி-ரியாக்டிவ் புரதத்தின் அளவும் அப்படியே: உயர்ந்திருந்தால் சந்தேகத்துக்கு வலு சேர்க்கும், இயல்பாக இருந்தால் நோயை விலக்கிவிடாது. நாடித்துடிப்பும் நம்பகமானதல்ல. கர்ப்பத்தில் இதயம் நிமிடத்துக்கு 10 முதல் 20 முறை வரை கூடுதலாகத் துடிக்கிறது. உடலின் ரத்த அளவு 40 சதவீதத்துக்கு மேல் கூடியிருப்பதால், நிலைமை மோசமாவது ரத்த அழுத்தத்தில் தாமதமாகவே தெரியவரும்.

சிறுநீர்ப் பரிசோதனை ஒரு பொறி. கருப்பையின் அழுத்தத்தால் கர்ப்பிணிகளுக்கு வலது சிறுநீர்க்குழாய் இயல்பாகவே சற்று விரிந்திருக்கும். சிறுநீர்த் தொற்றும் எளிதில் வரும். வீங்கிய குடல்வால் சிறுநீர்க்குழாயை உரசிக்கொண்டிருந்தால் சிறுநீரில் வெள்ளணுக்கள் தென்படும். உடனே 'யூரின் இன்ஃபெக்ஷன்' என்று மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்புவதில் தொலையும் ஒரு நாளில் குடல்வால் வெடித்துவிடக்கூடும். சிறுநீரகக் கல்லின் வலி முதுகிலிருந்து தொடை இடுக்கு நோக்கி இறங்கும்; அந்த நோயாளியால் ஓரிடத்தில் இருக்க முடியாது, புரண்டுகொண்டே இருப்பார். குடல்வால் நோயாளி அசையாமல் படுத்திருக்கவே விரும்புவார். இந்த வேறுபாட்டைக் கட்டிலருகே நின்று பார்ப்பதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை.

கட்டிலருகே செய்யக்கூடிய இன்னொரு சோதனையை 1951-ல் நிக்கோலஸ் ஆல்டர்ஸ் விவரித்தார். பெண் மல்லாந்து படுத்திருக்கும்போது மருத்துவர் வலி அதிகமாக உள்ள இடத்தை விரலால் கண்டுபிடித்து, விரலை எடுக்காமல் அங்கேயே வைத்துக்கொள்கிறார். பெண் மெதுவாக இடது பக்கம் திரும்பிப் படுக்கிறார். கருப்பை தன் எடையால் இடப்பக்கம் சாய்கிறது. வலியும் கூடவே நகர்ந்தால் அது கருப்பையையோ அதன் தசைநார்களையோ சேர்ந்தது. விரல் இருக்கும் இடத்திலேயே வலி நின்றுவிட்டால் சந்தேகம் குடல்வால் பக்கம் திரும்புகிறது. முழுத் தீர்ப்பை இதை மட்டும் வைத்து எழுத முடியாது. ஆனாலும் செலவில்லாத, கேடில்லாத, இரண்டு நிமிடத்தில் முடியும் சோதனை இது; ஸ்கேன் அறைக்கு அனுப்பும் அவசரத்தில் இது கைவிடப்படுவது வருத்தத்துக்குரியது. 1986-ல் அல்ஃபிரடோ அல்வராடோ உருவாக்கிய பத்துப் புள்ளி மதிப்பீட்டைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். அதில் குமட்டல், பசியின்மை, வெள்ளணு உயர்வு ஆகியவற்றுக்குப் புள்ளிகள் இருப்பதால், நோயே இல்லாத கர்ப்பிணியும் சில புள்ளிகளை எளிதில் வாங்கிவிடுவார் என்பதை மறக்கக் கூடாது.

வலது பக்க வலிக்கு வேறு காரணங்களும் ஏராளம். முதல் மூன்று மாதங்களில் கருக்குழாயில் தங்கிய கரு முதலில் விலக்கப்பட வேண்டியது. அது உயிரைப் பறிக்கும். சினைப்பை முறுக்கிக்கொள்வது, நார்க்கட்டியின் உட்பகுதி அழிவது, பித்தப்பை அழற்சி, சிறுநீரகத் தொற்று ஆகியவை எப்போது வேண்டுமானாலும் வரலாம். பிற்பாதியில் நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிவது, குறைப்பிரசவ வலி, ரத்தக்கொதிப்போடு சேர்ந்த கல்லீரல் பாதிப்பு ஆகியவையும் இந்த வரிசையில் சேரும். குடல்வால் அழற்சியே கருப்பையை உறுத்திச் சுருங்கச் செய்யும் என்பதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. வலி விட்டுவிட்டு வருகிறது, இது பொய்வலியாக இருக்கும் என்று மகப்பேறு மருத்துவர் நினைக்கலாம். அது கருப்பை சம்பந்தப்பட்டது என்று அறுவை மருத்துவர் ஒதுங்கலாம். இருவரும் ஒரே நேரத்தில் ஒரே கட்டிலருகே நின்று பார்ப்பதே சரியான வழி.

படமெடுப்பதில் முதல் இடம் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்கு. நெதர்லாந்தின் ஜூலியன் பைலார்ட் 1986-ல் விவரித்த முறையில், கருவியின் முனையால் வயிற்றைச் சிறிது சிறிதாக அழுத்தி, இடையிலுள்ள குடலையும் காற்றையும் விலக்கிக் குடல்வாலைத் தேடுகிறார்கள். 6 மில்லி மீட்டருக்கு மேல் பருத்து, அழுத்தினால் அமுங்காமல், ஒரு முனை மூடிய குழாயாகத் தெரிந்தால் நோய் உறுதி. கதிர்வீச்சு கிடையாது, குழந்தையின் இதயத்துடிப்பையும் சினைப்பையையும் அதே நேரத்தில் பார்த்துவிடலாம். இந்தியாவில் கருவின் பாலினத்தைக் கண்டறிவதற்கு எதிரான 1994-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், கர்ப்பிணிக்கு எடுக்கும் அல்ட்ராசவுண்டுக்கு எஃப் படிவம் நிரப்ப வேண்டும்; குடல்வாலுக்காக எடுத்தாலும் அப்படித்தான். ஸ்கேனின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. மாதம் ஏற ஏற, அழுத்துவதற்கு இடமில்லாமல் போய், குடல்வால் கண்ணுக்கே அகப்படாத ஸ்கேன்கள்தான் மிகுதி. 'குடல்வால் தெரியவில்லை' என்ற அறிக்கைக்கு 'குடல்வால் நன்றாக இருக்கிறது' என்று பொருளில்லை. வீட்டாரும், சில நேரங்களில் மருத்துவர்களும், இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதுதான் இந்த நோயில் நடக்கும் மிக ஆபத்தான தவறு.

அப்படியொரு அறிக்கை வந்து, சந்தேகமும் தீராவிட்டால் அடுத்தது எம்.ஆர்.ஐ. ஸ்கேன். இதிலும் எக்ஸ்-ரே கதிர் இல்லை. கடோலினியம் என்ற சாய மருந்து நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை அடைவதால், கர்ப்பிணிகளுக்குச் சாயமில்லாமலேயே எடுக்கிறார்கள். சாயம் இல்லாமலே படம் போதுமான தெளிவைத் தருகிறது. 7 மில்லி மீட்டருக்கு மேல் பருத்த குடல்வால், உள்ளே தேங்கிய நீர், சுற்றிலும் வீங்கிய கொழுப்பு ஆகியவை தெரிந்தால் நோய் என்பார்கள். நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு 90-க்கு மேற்பட்டவர்களை எம்.ஆர்.ஐ. பிடித்துவிடுகிறது, நோய் இல்லாதவர்களை இல்லை என்று சொல்வதில் அதன் துல்லியம் அதைவிடவும் அதிகம். இயல்பான குடல்வாலைக் கண்ணால் பார்த்துவிட்டால் அறுவைச் சிகிச்சையைத் தயக்கமில்லாமல் தவிர்க்கலாம். குறுகிய குழாய்க்குள் சத்தத்தின் நடுவே அசையாமல் படுத்திருக்க வேண்டியிருப்பது நிறைமாதக் கர்ப்பிணிக்குச் சிரமம்தான். இடது பக்கம் சற்றுச் சாய்த்துப் படுக்கவைத்தால் தாங்கிக்கொள்வார்.

எம்.ஆர்.ஐ. எல்லா ஊர்களிலும், எல்லா இரவுகளிலும் கிடைப்பதில்லை. அந்த நிலையில் சி.டி. ஸ்கேன் எடுக்கலாமா? கதிர்வீச்சு என்றதும் குடும்பம் பதறுவது இயல்பு. கருவுக்கு ஊனமோ இழப்போ ஏற்படுத்தும் என்று அறியப்பட்ட கதிர் அளவு 50 மில்லி கிரேக்கு மேல். வயிற்றுக்கும் இடுப்புக்கும் எடுக்கும் ஒரு சி.டி. ஸ்கேனில் கருவுக்குப் போய்ச் சேர்வது பெரும்பாலும் அதற்குக் கீழேதான். அளவைக் குறைத்து எடுக்கும் முறைகளும் உள்ளன. பிற்காலத்தில் குழந்தைக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகச் சிறிதளவு கூடலாம் என்பதால் இது முதல் தேர்வாக இருக்கக் கூடாது. ஆனால் வேறு வழியே இல்லாத இடத்தில், வெடிக்கப் போகும் குடல்வாலைவிட ஒரு சி.டி. ஸ்கேன் குழந்தைக்குக் குறைந்த ஆபத்து.

ஒரு காலத்தில், சந்தேகம் வந்தாலே வயிற்றைத் திறந்து பார்த்துவிடுவதே பாதுகாப்பு என்று கருதினார்கள். கர்ப்பிணிகளிடம் எடுத்த குடல்வால்களில் நான்கில் ஒன்றோ அதற்கு மேலோ நோயற்றதாக இருப்பது சகஜமாக இருந்தது. கலிஃபோர்னியா மாநிலத்தில் குடல்வால் அகற்றப்பட்ட 3,133 கர்ப்பிணிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2007-ல் வெளியான ஆய்வு அந்த நம்பிக்கையைக் கலைத்தது. அவர்களில் 23 சதவீதம் பேரின் குடல்வாலில் நோயே இல்லை. எளிய அழற்சியாக இருந்தவர்களில் 2 சதவீதமும், வெடித்தது போன்ற சிக்கலான நிலையில் இருந்தவர்களில் 6 சதவீதமும் கரு இழப்பு நேர்ந்தது. நோயே இல்லாமல் அறுக்கப்பட்டவர்களிலோ 4 சதவீதம். தேவையற்ற அறுவை தீங்கற்றது என்ற எண்ணம் இதோடு நிற்க வேண்டும். தாமதமும் ஆபத்து, அவசரமும் ஆபத்து என்னும்போது, இரண்டுக்கும் நடுவே நம்பத்தக்க வழி நல்ல படமெடுப்பும், அதே மருத்துவர் சில மணி நேரம் கழித்து மீண்டும் கைவைத்துப் பார்ப்பதும்தான். அந்தக் காத்திருப்புக்கும் எல்லை உண்டு. 1990-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், 24 மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போடப்பட்ட கர்ப்பிணிகளில் மூன்றில் இரண்டு பேருக்குக் குடல்வால் வெடித்திருந்தது.

நோய் உறுதியானால் சிகிச்சை அறுவைதான். மருந்து மட்டும் கொடுத்துப் பார்க்கும் முறை கர்ப்பிணிகளுக்கு வழக்கமான தேர்வாக இன்னும் ஏற்கப்படவில்லை. லேப்ராஸ்கோப்பி முறையை எந்த மும்மாதத்திலும் செய்யலாம். கருப்பையில் படாதபடி கருவியை நுழைக்கும் இடத்தை மேலே மாற்றிக்கொள்கிறார்கள். பெரிய ரத்தக் குழாய்களைக் கருப்பை அழுத்தாமலிருக்க மேசையை இடது பக்கம் சாய்க்கிறார்கள். குழந்தையின் இதயத்துடிப்பை முன்னும் பின்னும் பார்க்கிறார்கள். குடல்வாலை எடுப்பதற்காகச் சிசேரியன் செய்ய வேண்டியதில்லை. பிரசவம் தன் நாளில் தனியே நடக்கும்.

வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனால் அது முக்கியமானது. கர்ப்பிணிக்குத் தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி, அல்லது வலது பக்கத்தில் விடாமல் நிற்கும் வலி, ஆறு மணி நேரத்தில் தணியவில்லை என்றால் அதை வாய்வென்றோ சூட்டு வலியென்றோ வைத்துக்கொண்டு மறுநாள் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். கூடவே காய்ச்சல், ரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைவது என ஏதாவது இருந்தால் அந்த ஆறு மணி நேரமும் காத்திருக்கக் கூடாது. வயிறு சுத்தமாகட்டும் என்று விளக்கெண்ணெயோ பேதி மருந்தோ கொடுக்க வேண்டாம். அடைபட்ட குடல்வாலை அது வெடிக்கவைக்கலாம். அறுவை மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் ஒரே இடத்தில் இருக்கும் மருத்துவமனைக்குப் போங்கள். வலி எப்போது, எங்கே தொடங்கியது, வாந்தி அதற்கு முன்பா பின்பா, கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்ற விவரங்களைச் சொல்லுங்கள். ஸ்கேன் அறிக்கை கைக்கு வந்ததும், குடல்வால் கண்ணுக்குத் தெரிந்ததா என்று கேளுங்கள். தெரியவில்லை என்றால், அடுத்து எப்போது, யார் வந்து பார்ப்பார்கள் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே வீடு திரும்புவதைப் பற்றி யோசியுங்கள்.